வெளிநாட்டு அளவுகோல் கடைமடையில் முரண்டு பிடித்தால்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கம்

கும்பகோணத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு லேப்டாப்போடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கதைதான். ஐந்தாறு நாடுகள் சேர்ந்து செய்யும் ஆய்வு, அதில் டெல்டா ஒரு களம். ஆங்கில வினாப்பட்டியலைத் தமிழாக்கி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் நானூறு ஐந்நூறு பேரிடம் கேட்டு முடித்திருப்பார்கள். மற்ற நாடுகளில் ஒழுங்காகப் பொருந்திய மாடல், அதாவது எந்தக் கேள்விகள் எந்த மறைந்த காரணியை அளக்கின்றன என்ற வரைபடம், இங்கே பொருந்தாது. "சார், சாஃப்ட்வேர்ல ஏதோ பிரச்சினை" என்று ஆரம்பிப்பார்கள். சாஃப்ட்வேரில் பிரச்சினை இருந்ததை இத்தனை வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன்.

மன உளைச்சல், பசிக் கவலை, தன்மதிப்பு இதையெல்லாம் தராசில் வைக்க முடியாது. பதில்களை வைத்து ஊகிக்கிறோம். அந்த ஊகத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கருத்தாக்க ஏற்புடைமை. 1955இல் குரோன்பாக்கும் மீலும் எழுதிய கட்டுரைதான் இந்தப் பேச்சுக்கு அடித்தளம். கோட்பாட்டுக்கும் தரவுக்கும் நடுவே பல இழைகள் ஓடும் வலையாக அவர்கள் இதைப் பார்த்தார்கள். நாம் அதை ஒரு ஆல்ஃபா மதிப்பாக, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஒற்றை எண்ணாக, சுருக்கிவிட்டோம்.

உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரு வேலை. மாடலைத் தொடாதீர்கள். அச்சடித்த வினாத்தாளை எடுத்து, தகராறு பண்ணும் கேள்வியை வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட, பதில் சொல்லுமுன் உங்களைத் திருப்பி என்ன கேட்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு அங்கேயே காரணம் கிடைத்துவிடும்.

"தமிழ்க் குழுவில் மட்டும் ஒரு கேள்வியின் லோடிங் தலைகீழாக வருகிறது"

ஒரு கேள்வி தான் அளக்கவேண்டிய காரணியோடு எவ்வளவு பலமாக, எந்தத் திசையில் ஒட்டுகிறது என்பதுதான் லோடிங். ராட்லாஃப் 1977இல் வெளியிட்ட சிஇஎஸ்-டி மனச்சோர்வு அளவுகோலில் 20 கேள்விகள். ஏழாவது கேள்வியின் கருத்து, எதைச் செய்தாலும் அது பெரும்பாடாக இருந்தது என்பது. ஆங்கில மூலத்தில் அந்தப் பெரும்பாட்டுக்கு 'எஃபர்ட்' என்ற சொல் இருக்கிறது. அகராதியைத் திறந்தால் 'முயற்சி' என்று வரும். "நான் செய்த எல்லாமே ஒரு முயற்சியாக இருந்தது" என்று எழுதி, மறுமொழிபெயர்ப்புக்கு, அதாவது திரும்ப ஆங்கிலமாக்க, கொடுத்தால் மூல வாக்கியம் எழுத்து மாறாமல் திரும்பி வரும். குழுவில் எல்லோரும் கைதட்டுவார்கள்.

ஆனால் முயற்சி என்பது நம் ஊரில் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போடுகிற சொல். சோர்ந்து கிடக்கிறவர் அதற்கு 'இல்லை' என்பார், சுறுசுறுப்பாக இருப்பவர் 'ஆமாம், எப்போதும்' என்பார். லோடிங் தலைகீழாகத்தான் வரும், அதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை.

மறுமொழிபெயர்ப்பை 1970இல் பிரிஸ்லின் முறைப்படுத்தியதிலிருந்து அதை ஒரு சான்றிதழ் மாதிரி பயன்படுத்துகிறோம். சொல் திரும்பி வந்ததா என்பதை அது காட்டும். பொருள் போய்ச் சேர்ந்ததா என்பதைக் காட்டாது. திருத்தம்: "எதைச் செஞ்சாலும் மலையைப் புரட்டுற மாதிரி இருந்துச்சா?" என்ற வகையில் மாற்றி, பத்துப் பேரிடம் கேட்டு, "இந்தக் கேள்வியை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். தரவு ஏற்கெனவே சேர்ந்துவிட்டதென்றால் அந்தக் கேள்வியைத் தமிழ்க் குழுவில் ஒதுக்கிவிட்டு, ஏன் ஒதுக்கினோம் என்று எழுதுங்கள். குறியை மாற்றிக் கணக்கிட்டு 'சரி' செய்யாதீர்கள். அதைச் செய்த ஆய்வேட்டை நான் பார்த்திருக்கிறேன்.

"ஆல்ஃபா 0.5ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது"

முதலில் தலைகீழ்க் கேள்விகளை, அதாவது 'ஆமாம்' என்றால் மதிப்பெண் குறையவேண்டியவற்றை, மாற்றிக் குறியிட்டீர்களா பாருங்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி அதுதான். கேள்விக்கும் மொத்தத்துக்குமான ஒட்டுறவு எந்தெந்தக் கேள்விக்கு எதிர்மறையாக வருகிறதோ அவை அத்தனையும் தலைகீழ்க் கேள்விகளாகவே இருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

குறியீடு சரியாக இருந்தும் ஆல்ஃபா குறைவு என்றால், எதிர்மறை வினாக்களைப் பாருங்கள். ஒரு பேட்டியின் ஒலிப்பதிவில் கேட்டது இது.

"ராத்திரி சரியாத் தூக்கம் வரலையா அக்கா?"

"ஆமா தம்பி, வரல."

அடுத்த தெருவில் அதே கேள்வி.

"இல்ல தம்பி, எங்க வருது தூக்கம்."

இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். கணக்கெடுக்கப் போன பையன் கையில் இருந்த டேப்லெட்டில் ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். அவன் முதல் சொல்லை மட்டும் கேட்டு அழுத்தியிருந்தான். ஒரே தூக்கமின்மை, இரண்டு எதிர்க் குறியீடு. எதிர்மறை வினாவுக்குத் தமிழில் 'ஆமா'வும் செல்லும், 'இல்ல'யும் செல்லும். இதைப் பயிற்சியின்போதே சொல்லி, கேள்வியை "தூக்கம் கெட்டுச்சா?" என்று நேர்வினாவாக மாற்றியிருக்க வேண்டும். ஒலிப்பதிவு இருந்தால் மறுபடி கேட்டுத் திருத்தலாம். இல்லையென்றால் அந்தக் கேள்வி போனது போனதுதான்.

"ஆல்ஃபா 0.95, ஆனால் வழிகாட்டி முகம் சுளிக்கிறார்"

அவர் சுளிப்பது நியாயம். ஆல்ஃபா கேள்விகளின் எண்ணிக்கையோடு ஏறும். கேள்விகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 என்று வைத்துக்கொண்டால், 10 கேள்விக்கு ஆல்ஃபா 0.71 வரும், 20 கேள்விக்கு 0.83, 40 கேள்விக்கு 0.91. அளக்கும் பொருள் கொஞ்சமும் மேம்படவில்லை, தாள்தான் நீண்டது. எல்லாக் கேள்வியும் ஒரே காரணியைத்தான் அளக்கின்றன என்பதற்கும் ஆல்ஃபா சாட்சியாகாது.

இன்னொரு காரணம், நேர்கோடாக விழுந்த பதில்கள். டேப்லெட்டின் நேரக் குறிப்பை எடுத்து, எந்தப் பேட்டிகள் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்திருக்கின்றன, அவற்றில் எத்தனை பேர் எல்லாவற்றுக்கும் ஒரே எண் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்த பேட்டிகளில் இது கூடுதலாக இருக்கும் என்பது என் அனுபவம். சிலசமயம் சலிப்பு பதில் சொல்பவருக்கு இல்லை, கேட்பவருக்குத்தான்.

"நேர்மறைக் கேள்விகள் ஒரு காரணியாகவும் எதிர்மறைக் கேள்விகள் இன்னொன்றாகவும் பிரிந்துவிட்டன"

பிஎஸ்எஸ்-10 என்ற மன அழுத்த அளவுகோலை எடுத்தவர்கள் பலருக்கும் இது வரும். கோஹனும் அவருடைய குழுவும் 1983இல் 14 கேள்வியோடு கொண்டுவந்ததன் சுருக்கம் அது. அதில் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் நேர்மறையாக எழுதப்பட்டவை. பல நாட்டுத் தரவுகளில் அந்த நான்கும் தனியாகக் கூடுகின்றன. எனவே "தமிழர்களுக்கு மன அழுத்தம் இரண்டு பரிமாணம் கொண்டது" என்று தலைப்பு வைக்க அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது கேள்வி எழுதிய முறையின் நிழல்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல் கூடச் சேரும். வீடு தேடி வந்து மரியாதையாகக் கேட்கும் பிள்ளையிடம் 'இல்லை' என்று சொல்ல வயதானவர்களுக்கு மனம் வராது. எல்லாவற்றுக்கும் "ஆமாப்பா" என்பார்கள். நேர்மறைக்கும் ஆமாம், எதிர்மறைக்கும் ஆமாம். ஆமோதிப்புச் சாய்வு என்று இதற்குப் பெயர். நாட்டுக்கு நாடு இதன் அளவு வேறுபடுவதால் ஒப்பீடே கெட்டுப்போகும்.

சோதிக்கும் வழி: பொதுக் காரணி ஒன்று, அதோடு நேர்மறைக் கேள்விகளுக்கு மட்டும் முறைக் காரணி ஒன்று என்று மாடல் கட்டி, வெறும் இரண்டு காரணி மாடலோடு ஒப்பிடுங்கள். அப்புறம் இரண்டு காரணிகளும் வெளி மாறி ஒன்றோடு, உதாரணமாகக் கடன் சுமையோடு, வெவ்வேறு விதமாகத் தொடர்பு காட்டுகின்றனவா என்று பாருங்கள். காட்டாவிட்டால் இரண்டாவது காரணிக்குச் சொந்தப் பொருள் இல்லை.

பதில் அட்டையில் நான் எழுத்துக்குப் பதிலாக ஐந்து டம்ளர் படம் வைப்பேன், காலியிலிருந்து நிறைந்தது வரை. 'ஓரளவு', 'பரவாயில்லை' என்ற சொற்களை மட்டும் எழுதாதீர்கள். பரவாயில்லை என்றால் நடுவில் இருக்கிறது என்றும் பொருள், நன்றாகவே இருக்கிறது என்றும் பொருள், இந்தப் பேச்சை விடுங்கள் என்றும் பொருள்.

"ஏழு காரணி வருகிறது, எதற்கும் பெயர் வைக்க முடியவில்லை"

ஒரு காரணி எத்தனை கேள்வி அளவுக்கு மாறுபாட்டை விளக்குகிறது என்பது ஐகன் மதிப்பு. அது 1க்கு மேல் என்றால் வைத்துக்கொள் என்ற விதியை எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் தானாகவே போட்டுவிடும். அந்த விதி காரணிகளை அள்ளிக் குவிக்கும். 1965இல் ஹார்ன் சொன்ன இணைப் பகுப்பாய்வைச் செய்யுங்கள். உங்கள் தரவின் அளவிலேயே வெறும் தற்செயல் எண்களை உருவாக்கி, அவற்றின் ஐகன் மதிப்பைத் தாண்டுகிறவற்றை மட்டும் வைத்துக்கொள்வது அது. நான்கைந்து படி கொண்ட பதில்கள் என்றால் படிப் பதில்களுக்கென்றே உள்ள பாலிகோரிக் ஒட்டுறவை உள்ளே கொடுங்கள். ஆர் மென்பொருளில் 'சைக்' தொகுப்பில் இரண்டும் இருக்கின்றன, காசு கிடையாது.

"கை-வர்க்கம் 0.000 என்று கத்துகிறது"

மாடலுக்கும் தரவுக்கும் உள்ள இடைவெளியைச் சோதிக்கும் எண் கை-வர்க்கம், 0.000 என்பது அதன் பி-மதிப்பு. பொருத்தக் குறைவு அச்சாக அதே அளவு இருந்தாலும், 200 பேரில் 40 வந்த கை-வர்க்கம் 1,000 பேரில் சுமார் 200 வரும். 35 டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு, அதாவது தரவின் தகவல்களில் மாடல் கணிக்கும் எண்கள் போக மிச்சம் 35 என்றால், முதலாவது தேறும், இரண்டாவது தேறாது. ஆகவே பெரிய மாதிரியில் அது கத்துவதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஆனால் அதைத் தள்ளிவிட்டு, பொருத்தக் குறியீடுகளான சிஎஃப்ஐ 0.95க்கு மேலும் ஆர்எம்எஸ்இஏ 0.06க்குக் கீழும் வந்ததும் நிம்மதியாகத் தூங்குவதும் தப்பு. ஹூ, பென்ட்லர் இருவரும் 1999இல் அந்த எல்லைகளைக் குறிப்பிட்ட மாடல்களின் உருவகத் தரவிலிருந்து எடுத்தார்கள். எல்லா ஊருக்கும் போட்ட சட்டம் இல்லை அது. எஞ்சிய ஒட்டுறவு அணியைத் திறந்து, எந்த இரண்டு கேள்விக்கிடையே 0.1க்கு மேல் மிச்சம் நிற்கிறது என்று பாருங்கள். அநேகமாக அடுத்தடுத்த கேள்விகளாகவோ, ஒரே சொல் திரும்ப வரும் கேள்விகளாகவோ இருக்கும்.

எந்த அம்பைச் சேர்த்தால் பொருத்தம் ஏறும் என்று மென்பொருள் தரும் மாடிஃபிகேஷன் இண்டெக்ஸ் சொன்னதற்கெல்லாம் அம்புக்குறி போட்டு சிஎஃப்ஐயை ஏற்றுவது கல்யாண வீட்டில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டே போவது மாதிரி. உட்கார ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"ஒரு கேள்வியின் எஞ்சிய மாறுபாடு எதிர்மறை, லோடிங் 1.07"

ஹேவுட் நிலை. காரணி விளக்காமல் மிச்சம் நிற்கும் மாறுபாடு, போகவே முடியாத பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறது. மாதிரி சிறியது, அல்லது காரணிக்கு இரண்டே கேள்வி, அல்லது இரண்டு கேள்வியும் ஒன்றேதான். மாறுபாட்டைப் பூஜ்யமாகப் பூட்டிவிட்டு நகராமல் காரணத்தைத் தேடுங்கள்.

"மெட்ரிக் தேறிவிட்டது, ஸ்கேலார் விழுந்துவிட்டது"

திண்ணைக்கு வரும் கேஸ்களில் பெரும்பான்மை இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரே அளவுகோல் எல்லாக் குழுவிலும் ஒரே மாதிரி அளக்கிறதா என்ற மாறாத்தன்மைச் சோதனையின் படிகள் இவை.

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. இரண்டு ஊரில் இரண்டு மீட்டர். இரண்டும் ஈரத்தைத்தான் அளக்கின்றனவா, ஒன்று தூசியை அளக்கிறதா? அது கான்ஃபிகரல் சோதனை. நெல்லில் ஈரம் ஒரு புள்ளி ஏறினால் இரண்டு மீட்டரிலும் ஒரே அளவு ஏறுகிறதா? அது மெட்ரிக், அதாவது லோடிங்குகள் சமமா என்பது. ஒரே மூட்டை நெல்லை இரண்டிலும் வைத்தால் ஒரே எண் காட்டுகிறதா? அது ஸ்கேலார், அதாவது காரணி ஒரே அளவில் இருக்கும்போது கேள்விகள் காட்டும் அடிப்படை எண்களான இன்டர்செப்ட்டுகள் சமமா என்பது.

மெட்ரிக் நின்று ஸ்கேலார் விழுந்தால், ஒரு மீட்டர் எப்போதும் இரண்டு புள்ளி கூட்டிக் காட்டுகிறது என்று அர்த்தம். அந்த ஊருக்குள் எந்த நெல் ஈரம், எந்த நெல் காய்ந்தது என்று பிரிக்கலாம். உளைச்சலுக்கும் கடனுக்கும் உள்ள தொடர்பை நாடுகளிடையே ஒப்பிடலாம். ஆனால் "அந்த ஊர் நெல்தான் அதிக ஈரம்" என்று சொல்ல முடியாது. சராசரி ஒப்பீடு கூடாது. ஆய்வுகளோ பெரும்பாலும் அந்தச் சராசரி ஒப்பீட்டுக்காகவே ஆரம்பிக்கப்பட்டிருக்கும், அதுதான் வேதனை.

இன்டர்செப்ட் எப்படித் தூக்கிக்கொள்கிறது என்பதை ஒரு பேட்டியில் நேராகவே பார்த்தேன். பிஎஸ்எஸ்-10இன் இரண்டாவது கேள்வி, வாழ்க்கையில் முக்கியமான விஷயங்கள் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று போன மாதம் எத்தனை முறை தோன்றியது என்பது. வேதாரண்யம் பக்கம் ஒரு பெரியவர், வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தண்ணி என்ன எங்க கையிலயா இருக்கு? மேட்டூர்ல தொறக்கணும், கல்லணையில பிரிக்கணும், முறை வச்சு எங்க வாய்க்காலுக்கு வந்து சேரணும். எப்பவும்னு போட்டுக்க தம்பி." அட்டையில் கடைசி டம்ளரைக் காட்டிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, பேரன் பள்ளிக்கூடக் கதைக்குப் போய்விட்டார்.

அவர் உளைச்சலில் பேசவில்லை. கடைமடையின் நிலவரத்தைச் சொன்னார். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள் என்றாலும், எந்த வருடம் திறப்பார்கள், எப்போது கடைமடைக்கு எட்டும் என்பது அங்கே யாருக்கும் தங்கள் கையில் உள்ள காரியம் அல்ல. உளைச்சலே இல்லாதவரும் அந்தக் கேள்விக்கு 4 கொடுப்பார். மாதச் சம்பளத்தில் இருக்கும் வெளிநாட்டு நகரவாசி, அதே உளைச்சல் அளவில், 2 கொடுப்பார். மறைந்திருக்கும் காரணி சமம், பார்த்த எண் வேறு. இன்டர்செப்ட் வித்தியாசம் என்று கணினி சொல்வது இதைத்தான்.

இனி செய்யவேண்டியது.

முதலில் அடையாளக் கேள்வியைச் சோதியுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் முதல் கேள்வியின் லோடிங்கை 1 என்று பூட்டி, அது எல்லாக் குழுவிலும் சமம் என்று கேட்காமலே எடுத்துக்கொள்ளும். உண்மையில் கெட்ட கேள்வி அதுவாகவே இருந்தால் பழி மற்ற ஒன்பது கேள்விகள் மேல் விழும். குற்றவாளியைப் பஞ்சாயத்துத் தலைவராக உட்கார வைத்த கதை. அதற்குப் பதில் முதல் குழுவில் காரணியின் மாறுபாட்டை 1 என்று பூட்டி மறுபடி ஓட்டுங்கள்.

அப்புறம் ஸ்கேலார் மாடலில் எந்த இன்டர்செப்ட்டை விடுவித்தால் பொருத்தம் அதிகம் மேம்படுகிறது என்று பார்த்து, ஒன்றை விடுவித்து, மறுபடி ஓட்டி, அடுத்ததைப் பாருங்கள். ஒரே மூச்சில் நான்கை விடுவிக்காதீர்கள். ஒன்றை விடுவித்ததும் மற்ற மூன்றும் அடங்கிவிடுவது சகஜம். மாதிரி பெரியதென்றால் பாதியில் தேடி, மறுபாதியில் உறுதி செய்யுங்கள். பகுதி மாறாத்தன்மை, அதாவது சில கேள்விகள் மட்டும் சமமாக நிற்பது, போதும் என்று 1989இல் பைர்ன், ஷாவல்சன், முத்தேன் மூவரும் வாதிட்டதிலிருந்து, காரணிக்கு இரண்டு கேள்வியாவது முழுச் சமமாக நின்றால் சராசரியை ஒப்பிடலாம் என்று பலர் செய்கிறார்கள். என் கருத்தில் பத்தில் இரண்டு மட்டும் நின்று ஒப்பிடுவது மனத்தைத் தேற்றிக்கொள்வது. பாதிக்கு மேல் நிற்கவேண்டும்.

எந்தெந்தக் கேள்வியை விடுவித்தீர்களோ அவற்றுக்குக் களத்திலிருந்து ஒரு விளக்கம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். மேலே வெற்றிலைப் பெரியவர் சொன்னது மாதிரி. முடிந்தால் அது ஆய்வின் கண்டுபிடிப்பு, பின்னிணைப்பில் ஒளித்து வைக்கவேண்டிய குறை அல்ல. பிறகு விடுவிக்காமல் வந்த சராசரி வித்தியாசத்தையும் விடுவித்த பின் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முன்னே இருந்த வித்தியாசம் பின்னே கரைந்துபோனால், டெல்டாவுக்கு உளைச்சல் அதிகம் என்று நீங்கள் எழுத இருந்தது ஒரு கேள்வியின் சத்தம்.

எப்போது 'விழுந்தது' என்பது? செங், ரென்ஸ்வோல்ட் இருவரும் 2002இல் சொன்னபடி, அடுத்த படிக்குப் போகும்போது சிஎஃப்ஐ 0.01க்கு மேல் இறங்கினால் விழுந்தது என்கிறோம். இது இரண்டு குழு ஒப்பீட்டுக்காக, தொடர் எண்களாகக் கருதிய தரவில் எடுத்த எல்லை. மூன்று நான்கு படிப் பதில்களை, அவற்றுக்கென்றே உள்ள டபிள்யூஎல்எஸ்எம்வி முறையில் ஓட்டினால் அதே எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்க முடியாது. அங்கே இன்டர்செப்ட்டுக்குப் பதில், ஒரு படியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வாசல் அளவுகள் ஒப்பிடப்படுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

"இருபது நாடு, ஸ்கேலார் எங்கேயும் நிற்காது"

நிற்காதுதான். இருபது நாட்டிலும் பத்துக் கேள்வியின் இன்டர்செப்ட்டும் சமம் என்று எதிர்பார்ப்பது ஆசை. ருட்கோவ்ஸ்கி, ஸ்வெடினா இருவரும் 2014இல் குழுக்கள் பல இருக்கும்போது மெட்ரிக் படிக்கு சிஎஃப்ஐ இறக்கம் 0.02 வரை பொறுக்கலாம் என்று காட்டினார்கள். ஸ்கேலாருக்கு அந்தச் சலுகை தரவில்லை. அதே 2014இல் அஸ்பாருகோவும் முத்தேனும் அலைன்மென்ட் முறையைக் கொடுத்தார்கள். எல்லாம் அச்சாகச் சமமாக இருக்கவேண்டாம், பெரும்பாலானவை சமமாகவும் சில மட்டும் பெரிதாக விலகியும் இருக்கும் தீர்வைத் தேடு என்பது அதன் போக்கு. ஒவ்வொரு கேள்வியும் எந்தெந்த நாட்டில் விலகுகிறது என்ற பட்டியலும் கையோடு வரும். நான் அந்தப் பட்டியலைத்தான் முதலில் படிப்பேன். விலகல்கள் ஏறத்தாழ கால்வாசியைத் தாண்டினால் அவர்களே எச்சரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"உணவுப் பாதுகாப்பின்மைக் கேள்விகளில் இன்ஃபிட் எகிறுகிறது"

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் எஃப்ஐஈஎஸ் அளவுகோலில் எட்டே கேள்வி, ஆம் அல்லது இல்லை. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போகுமோ என்ற கவலையில் ஆரம்பித்து, ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததில் முடியும். கேள்விகளைக் கடுமை வரிசையில் ஒரே கோட்டில் அடுக்கும் ராஷ் மாடலில் ஓடும். நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 2.1.2 குறியீடு இதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஒரு கேள்வியின் பதில்கள் அந்த வரிசைக்கு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் இன்ஃபிட் 0.7க்கும் 1.3க்கும் நடுவில் இருக்கவேண்டும் என்பது வழக்கு.

டெல்டாவில் தகராறு பண்ணுவது பொதுவாக இரண்டு கேள்வி. வீட்டில் உணவு தீர்ந்துபோனதா என்பது ஒன்று. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நம் பேச்சில் சாப்பாடு என்றால் சோறு. "அரிசி இருக்கு தம்பி. கொழம்பு வைக்கத்தான் ஒண்ணுமில்ல" என்பார் ஒரு அக்கா. பையன் 'இல்லை' என்று அழுத்துவான். கவலை, குறைத்துச் சாப்பிட்டது எல்லாவற்றுக்கும் ஆம் சொன்னவர் இதற்கு மட்டும் இல்லை என்றால் இன்ஃபிட் ஏறாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, ஒரு வேளை சாப்பாட்டை விட்டீர்களா என்பது. நடவு நாளில் காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் டீயோடு வயலுக்குப் போய், பதினொரு மணிக்கு வரப்பில் பழைய சோறு, அப்புறம் ராத்திரிதான் அடுப்பு. மூன்று வேளை என்ற கணக்கே அந்த நாளில் இல்லை, எதை விட்டது என்று சொல்வார்? மறுபக்கம், எட்டுக் கேள்வியிலும் 'பணமோ வேறு வசதியோ இல்லாததால்' என்ற துண்டு கட்டாயம் வரவேண்டும். தமிழில் அது வாக்கியத்தின் தலையில் வந்து உட்காரும், நாலாவது கேள்விக்குள் பையன்களுக்கு வாய் வலித்துவிடும், விட்டுவிடுவார்கள். அப்போது கிருத்திகை விரதமும் அமாவாசை ஒரு பொழுதும் பட்டினியாகப் பதிவாகும்.

சரிசெய்ய: கேள்வியைத் தூக்கிப் போடாதீர்கள். உலகத் தர அளவோடு இணைக்கும்போது அந்தக் கேள்வியின் கடுமை மதிப்பு மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், அதை இந்தக் களத்துக்கே உரிய கேள்வியாக வைத்துவிட்டு, மீதியை வைத்து இணைக்க வழி இருக்கிறது. ஆனால் 'குறைத்துச் சாப்பிட்டேன்', 'நாள் முழுக்கச் சாப்பிடவில்லை' என்ற இரண்டும்தான் நடுத்தர, கடும் நிலைகளுக்கு எல்லைக்கல். அவையே ஆடினால் நாடு ஒப்பீட்டை நிறுத்துங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் சொன்னவர் ஐந்தாறு பேர்தான் என்றால் அதன் மதிப்பில் பிழை எல்லை மிக அகலமாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம்.

எந்த மாதம் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். சம்பா அறுவடை முடிந்த மாசியில் கேட்டதும் நடவுக்குக் கடன் வாங்கி நிற்கும் ஐப்பசியில் கேட்டதும் ஒன்றல்ல. பன்னிரண்டு மாதத்தை நினைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டாலும் கண்முன் நிற்கும் மாதம்தான் பேசும்.

"உளைச்சலும் மனச்சோர்வும் 0.93 ஒட்டுகின்றன"

இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ஒரே ஆள், ஒரே திண்ணையில், ஒரே டம்ளர் அட்டையில், ஒரே மூச்சில் பதில் சொன்னதாலும் இருக்கலாம். 1959இல் கேம்பலும் ஃபிஸ்கும் பல பண்பு, பல முறை என்ற கட்டத்தைப் போட்டதே இதைப் பிரிக்கத்தான். வேறு முறையில் எடுத்த ஒரு அளவீடாவது, கிராம சுகாதாரச் செவிலியரின் மதிப்பீடோ மருந்துச் சீட்டோ, கையில் இருந்தால்தான் பிரிக்க முடியும். இரண்டு அளவுகோலின் கேள்விகள் தங்களுக்குள் ஒட்டுவதோடு ஒப்பிட்டால் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டுகின்றன என்று காட்டும் ஹெச்டிஎம்டி விகிதம் 0.85ஐத் தாண்டினால் இரண்டு பெயர் வைப்பதை நியாயப்படுத்துவது கஷ்டம்.

"கிராமத்தைக் கணக்கில் எடுத்ததும் எல்லா நட்சத்திரமும் காணாமல் போய்விட்டது"

24 கிராமம், கிராமத்துக்கு 25 பேர், மொத்தம் 600. ஒரே கிராமத்தார் பதில்கள் ஒன்றோடொன்று 0.1 அளவு ஒத்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், வடிவமைப்பு விளைவு, அதாவது தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது, 1 + (25 − 1) × 0.1 = 3.4. உங்கள் 600 பேர் சுமார் 176 பேருக்குத்தான் சமம். ஒரே வாய்க்காலில் தண்ணீர் வராமல் போனால் ஊரே அப்படித்தான் பதில் சொல்லும். புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும் அந்த நட்சத்திரங்கள் ஆரம்பத்திலிருந்தே இல்லை. கிராமத்தோடு, கேள்வி கேட்டவர் யார் என்பதையும் ஒரு மாறியாக வையுங்கள். மூன்றே பேர் பேட்டி எடுத்திருந்தால், நீங்கள் கண்டுபிடித்த மூன்றாவது காரணி அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும்.

"எல்லாம் அற்புதம், சிஎஃப்ஐ 1.000, ஆர்எம்எஸ்இஏ 0.000"

காரணியில் எத்தனை கேள்வி என்று பாருங்கள். மூன்றா? மூன்று கேள்வியும் ஒரு காரணியும் என்றால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் பூஜ்யம். எந்தத் தரவைப் போட்டாலும், ரேஷன் கார்டு எண்ணைப் போட்டாலும்கூட, 1.000தான் வரும். குழுக்களிடையே லோடிங்கைச் சமப்படுத்தும்போதுதான் அந்த மாடலுக்கு முதல் சோதனையே ஆரம்பிக்கிறது. நான்காவது கேள்வி வினாத்தாளில் இருந்து, யாரோ 'சரியாக வரவில்லை' என்று எடுத்திருப்பார்கள். அதைத் திரும்பப் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.